புதுப்பிப்பு: கிட்டார் ஸ்ட்ரம்மிங்கில் மூன்றாவது பீட்டில் கை நின்றுபோன விஷயம்

ஸ்ட்ரம்மிங் என்றால் கம்பிகளைக் கீழும் மேலுமாக உரசி வாசிப்பது. அதில் கீழ்-கீழ்-மேல்-மேல்-கீழ்-மேல் பேட்டர்னில், நடுவில் அடுத்தடுத்து வரும் இரண்டு 'மேல்'களுக்கு இடையே கை திக்கி நிற்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, சரியாகிவிட்டது.

வேலை செய்தது, கம்பியில் படாவிட்டாலும் கையை நிறுத்தாதே என்ற யோசனைதான். ஒரு சுற்றின் 4 பீட்டுக்கும் (தாளத் தட்டுக்கும்) கை கீழே போயே ஆக வேண்டும், மூன்றாவதில் மட்டும் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) எதையும் தொடாமல் காற்றில் இறங்கும். நானோ அங்கே கையை மேலேயே பிடித்துக்கொண்டு அடுத்த 'மேல்' எப்போது வரும் என்று காத்திருந்தேன்!

முதல் நான்கு நாள் இடது விரல்களால் கம்பிகளை அழுத்தி எந்தக் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிக்கவில்லை. இடது கையைக் கம்பிகள் மேல் லேசாக வைத்து, சுரம் ஒலிக்காமல் மியூட் செய்து, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் ஓடவிட்டு, "ஒண்ணு அன் ரெண்டு அன்" என்று வாய்விட்டு எண்ணியபடி சக்கு சக்கென்று அடித்தேன். வீட்டில் இருப்பவர்கள் பாவம். அப்புறம்தான் ஜி, சி கார்டுகள்.

எதிர்பாராதது இரண்டு. கார்ட் மாற்றும்போது கடைசி 'மேல்' அடிக்கே விரல்களை எடுத்துவிட்டால் வெறும் கம்பிகள் ஒலிக்கும், ஆனால் அது தப்பாகவே கேட்கவில்லை. இன்னொன்று பிக்: 1 மி.மீ. தடிமனில் வைத்திருந்தது மேலே வரும்போதெல்லாம் கம்பியில் மாட்டியது, 0.46-க்கு மாறியதும், மெல்லிய 3 கம்பிகளை மட்டும் உரசினால் போதும் என்று விட்டதும் அந்தத் தொல்லை போய்விட்டது.

இப்போது மெட்ரோனோம் 80-இல் ஓடுகிறது. 100-இல் இன்னும் தடுமாற்றம்தான்.