"எத்தனை நாள் தங்குவீங்க?" – லாட்ஜ், மேன்ஷன், ஹாஸ்டல், சத்திரம்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தாமிரபரணி

அப்பாவுக்கு இதய ஆபரேஷன், வேலூர் சி.எம்.சி.யில். நாலு நாள்ல திரும்பிடலாம்னு ஒரே ஒரு பையோட போனோம். இருந்தது 26 நாள்.

முதல்ல போட்டது சாதாரண லாட்ஜ். 24 மணி நேரக் கணக்கு, சாப்பாடு ஓட்டல்ல. அப்பாவுக்கு உப்பைக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னதும் திண்டாட்டம் ஆரம்பிச்சுது. உப்புக் குறைச்சு ரசம் எந்த ஓட்டல்ல வைப்பான்? ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரரோட மகன், ஜார்க்கண்ட் தம்பி, அவன்தான் காந்தி ரோட்டை ஒட்டின சந்துக்குள்ள கூட்டிட்டுப் போனான். உள்ள போனா வேற ஊரு மாதிரி இருக்கு. வங்காள எழுத்துல போர்டு, கடையில கடுகெண்ணெய், பொரி, ரோகு மீன். மேற்கு வங்கம், வங்கதேசம், அசாம்னு வைத்தியத்துக்கு வர்றவங்களை நம்பியே நடக்கிற லாட்ஜுகள்.

கவுண்டர்ல உட்கார்ந்திருந்தவர் ஆதாரைக்கூட அப்புறம்தான் கேட்டார். "எத்தனை நாள் தங்குவீங்க? சமைப்பீங்களா?" இதுதான் முதல் கேள்வி. அறை மூலையில சின்னதா ஒரு சமையல் மேடை, ஒரு குழாய். அடுப்பு, பாத்திரம், வாளி எல்லாம் தனி வாடகை. பத்து நாளைக்கு மேல இருந்தா தினசரி ரேட்டைக் குறைச்சுக்கிட்டார். வெளிநாட்டுலேர்ந்து பாஸ்போர்ட்டோட வர்றவங்க விவரத்தை 24 மணி நேரத்துக்குள்ள அரசுக்கு ஆன்லைன்ல ஏத்தணும். அதையும் அவரே ராத்திரி உட்கார்ந்து ஏத்துவார்.

அங்க ஒரு பழக்கம் உண்டு. காலி பண்ணிட்டுப் போறவங்க மிச்ச அரிசி, பருப்பு, மஞ்சள்தூளைப் புதுசா வந்தவங்ககிட்டக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. எங்களுக்கு மேற்கு வங்கத்து மால்டா ஊர்க் குடும்பம் ஒண்ணு அரை பாட்டில் கடுகெண்ணெய் கொடுத்தது. அம்மா அதுல அப்பளம் பொரிச்சா. அந்த நெடிக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு வெராண்டாவுக்கு ஓடினவளைப் பார்த்து அப்பா சிரிச்சார். ஆபரேஷனுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சார். ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள அம்மா 'நுன் கொம்'னு சொல்லக் கத்துக்கிட்டா. வங்காளத்துல உப்புக் கம்மின்னு அர்த்தம்.

பெல்ஸ் ரோடு பழசு

நம்ம கதை பேச்சலர் ஆம்பளைங்க தங்குற திருவல்லிக்கேணி மேன்ஷன், 1999 முதல் 2004 வரை. பத்துக்குப் பத்து ரூம், மூணு கட்டில். நமக்குச் சொந்தம் ஒரு கட்டிலும் ஒரு ஆணியும்தான். வாடகையும் கட்டில் கணக்கு. வந்து சேர்ந்த மாசமே சேப்பாக்கத்துல பாகிஸ்தான் டெஸ்ட். சச்சின் 136ல அவுட் ஆனதும் எங்க மாடி மொத்தமும் அப்படியே அடங்கிப் போச்சு. அடுத்த கொஞ்ச நேரத்துல 12 ரன்ல தோத்தோம். பக்கத்து ரூம்காரன் ராத்திரி மெஸ்ஸுக்கே வரலை.

இண்டர்வியூவுக்கு ஊர்ப்பையன் எவனாவது வந்தா லீவுல போனவன் கட்டில்ல படுக்க வெச்சுப்போம். மேனேஜர் கண்டுக்க மாட்டார், மூணாவது ராத்திரிதான் 'கெஸ்ட் சார்ஜ்' கேட்பார். ஆனா பெத்த அம்மாவா இருந்தாலும் மாடிப்படி ஏறக் கூடாது. ஒருதடவை எங்கம்மா முறுக்குத் தூக்கோட வந்து, வாசல் பெஞ்சுல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டு, பார்த்தசாரதியைச் சேவிச்சுட்டு அப்படியே ரயிலேறிட்டா. பையன் எங்க படுக்கிறான்னு அவ பார்த்ததே இல்லை. 2003 தண்ணிப் பஞ்சத்துல நாங்க குளிச்ச லட்சணத்தைப் பார்க்காததும் நல்லதுதான்.

தாம்பரம் அக்கா

@பழசு, ஆம்பளைங்களுக்கு அம்மாதான் உள்ள வர முடியலை. எங்களுக்கு நாங்களே உள்ள போக முடியலை! நான் இருந்த லேடீஸ் ஹாஸ்டல்ல ராத்திரி பத்துக்குக் கேட் மூடிடும். எனக்கோ ரெண்டரை மணிக்கு முடியுற ஷிஃப்ட். வார்டன் கடிதம் கேட்டாங்க, கொடுத்தேன். அடுத்த மாசம் இன்னொரு கடிதம். 2014ல வந்த விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கான்னு ஒருநாள் கேட்டுட்டேன். அன்னையிலேர்ந்து எனக்கு மட்டும் சாம்பார் தண்ணியா வந்தது.

இப்ப வேலைக்குப் போற பொண்ணுங்களுக்காக அரசு நடத்துற தோழி விடுதியில இருக்கேன். இங்க மாசக் கணக்கு மட்டும் இல்ல, நாள் கணக்குலயும் தங்கலாம். பரீட்சை எழுத வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போற பொண்ணுங்களும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல ஐபோன் செய்யுற ஃபாக்ஸ்கான் கம்பெனிப் பொண்ணுங்களுக்காக, அரசோட தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டி 2024ல திறந்தது 18,720 பேருக்கு. அது ஹாஸ்டலா, ஒரு ஊரா? அங்க இருக்கிறவங்க யாராவது வந்து எழுதுங்களேன்.

சைடு லோயர்

என்னுது சின்னக் கதை. ரயில் மாற நடுவுல ஆறு மணி நேரம், கூட எட்டு மாசக் குழந்தை. ஸ்டேஷன் ரிட்டயரிங் ரூம் போட்டேன். உறுதியான டிக்கெட்டோட பி.என்.ஆர். வேணும், 48 மணி நேரத்துக்கு மேல கிடையாது, சில ஸ்டேஷன்ல மணிக்கணக்குலயும் தர்றாங்க. மெத்தையைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்லை. வெந்நீர் வந்தது, அது போதும்.

கோதோலியா

காசியில நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம், 1863லேர்ந்து இருக்கிறது. நாங்க நகரத்தார் இல்லை. அறை காலியா இருந்தது, கொடுத்தாங்க. "எத்தனை பேர்"னு கேட்கலை, "எத்தனை இலை?"ன்னு கேட்டாங்க. விஸ்வநாதருக்குப் பூஜைச் சாமான் எடுத்துட்டுப் போறவங்க 'சம்போ'ன்னு குரல் கொடுத்துட்டே போவாங்க. அந்தக் குரல்ல எழுந்ததுக்கு அப்புறம் செல்போன் அலாரம் சகிக்கலை. பாட்டியோட அஸ்தி கரைக்கப் போனவங்க நாங்க. ரெண்டு நாள்னு சொல்லிட்டு அஞ்சு நாள் இருந்தோம், யாரும் ஏன்னு கேட்கலை.

புதுசு_22

@தாமிரபரணி, அடுத்த வாரம் மாமியாரைக் கூட்டிட்டு வேலூர் போறோம். பாத்திரம் எல்லாம் இங்கேருந்தே தூக்கிட்டுப் போகணுமாண்ணே?

தாமிரபரணி

வேண்டாம்மா. முதல்ல ஒரு நாளுக்கு மட்டும் ரூம் போடுங்க. லிஃப்ட் ஓடுதா, தண்ணி எத்தனை மணிக்கு வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் வாரக் கணக்கு பேசுங்க. குக்கர் மட்டும் வீட்டுலேர்ந்து கொண்டு போங்க. எங்களுக்கு வாடகைக்கு வந்த குக்கர்ல விசில் இல்லை.