விஏவா, ஐபிஎஸ்ஸா? இருட்டு மாடிப்படியில் தெரிந்த வித்தியாசம்

போன வருடம் மானிட்டர் மாற்றியபோது நான் பார்த்தது இரண்டே எண்கள்: 165 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கும் என்பது), 1 மில்லி செகண்ட் (பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் என்று நினைத்தேன்). இரண்டும் இருந்த 27 அங்குல வளைவுத் திரை ஒன்றை வாங்கினேன். விஏ பேனல்; எல்சிடி திரைகளில் விஏ, ஐபிஎஸ் என்பவை இரண்டு வகை. முதல் வாரம் பெரிய சந்தோஷம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கதை சார்ந்த கேம் ஆடினால் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. விஏவில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) சாதாரணமாக 3000-க்கு 1 வரும், ஐபிஎஸ்ஸில் பெரும்பாலும் 1000-க்கு 1 தான் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தபோதுதான் அதன் அருமை புரிந்தது.

பிரச்சினை ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் ஆரம்பித்தது. ஒரு மேப்பில் வெளிச்சமே இல்லாத மாடிப்படி வரும். அங்கே மவுஸைச் சட்டென்று திருப்பினால் படிகளின் நிழல் பின்னாலேயே இழுபட்டு வரும், காயாத மையைக் கையால் தேய்த்த மாதிரி. அந்தக் கறைக்குள் எதிராளி நின்றால் தெரியவே தெரியாது. வெயில் அடிக்கும் திறந்தவெளியில் இதே மானிட்டர் சுத்தமாக இருந்தது. விஏ பேனலில் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறத்தான் பிக்சல் அதிக நேரம் எடுக்கும். 165 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, கிடைப்பது சுமார் 6 மில்லி செகண்ட். அதற்குள் மாறி முடிக்காவிட்டால் பழைய படமும் புதிய படமும் கலந்துதான் தெரியும்.

அப்படியானால் பெட்டியில் போட்ட 1 மில்லி செகண்ட்? என் மானிட்டரில் அது எம்பிஆர்டி கணக்கு: பிக்சல் மாறும் நேரம் அல்ல, நகரும் படம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நேரம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பின்விளக்கை அணைத்து எரியவிட்டு மங்கலைக் குறைக்கிற முறை. அதை ஆன் செய்தால் திரை நன்றாகவே இருண்டது, கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் ஃப்ரீசிங்க் (FreeSync) வசதியும் சேர்ந்து வேலை செய்யவில்லை. பிக்சலை வேகமாக மாறத் தூண்டும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கறை குறைந்தது, ஆனால் நகரும் பொருளைச் சுற்றி வெளிறிய விளிம்பு முளைத்தது. கடைசியில் நடு அளவிலேயே விட்டுவிட்டேன்.

அப்புறம் அக்கா மகனின் ஐபிஎஸ் மானிட்டரை இரண்டு நாள் வாங்கி வந்து, என் கணினியில் மாட்டி அதே மேப்பை ஓட்டினேன். மாடிப்படி தெளிவாக இருந்தது. அறையை இருட்டாக்கினால் மட்டும் கீழ் மூலைகளில் புகை படிந்த மாதிரி ஓர் ஒளி. நான் ஆடுவது பெரும்பாலும் போட்டி கேம், அதுவும் விளக்கு எரியும் அறையில். அதனால் ஐபிஎஸ்ஸுக்கே மாறினேன். அந்தக் கறுப்புக்கு மனம் இன்னும் ஏங்கத்தான் செய்கிறது. பின்விளக்கே இல்லாத ஓஎல்இடி திரை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், அந்தக் கறுப்பும் கறையில்லாத வேகமும் ஒன்றாகக் கிடைக்கிறதா?

* * *

கிடைக்கிறது அண்ணா. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு என்றால் முழுக்க அணைந்துவிடும். கறை, மூலை ஒளி எதுவும் கிடையாது. ஆனால் என்னுடையது ஓஎல்இடியில் ஒரு வகையான கியூடி-ஓஎல்இடி. பகலில் ஜன்னலைத் திறந்தால் கறுப்பு லேசாகச் சாம்பல் தட்டுகிறது, எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடும் தெரிகிறது. பகல் முழுக்க இதே திரையில் ஆவணங்களோடு வேலை செய்பவன் என்பதால் அது என்னை உறுத்துகிறது. அசையாத படம் அச்சுப்போலப் பதிந்துவிடும் பயமும் உண்டு. டாஸ்க்பாரை மறைத்து வைத்திருக்கிறேன், எழுந்து போகும்போது திரையை அணைத்துவிடுகிறேன். கேமுக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். வேலைக்கும் அதே திரைதான் என்றால், ஒரு பக்கம் எழுத்தைத் திறந்து வைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

* * *

பேனலைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள் நண்பர்களே. புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். டிஸ்பிளே அமைப்புகளுக்குள் போய் நாம்தான் மாற்ற வேண்டும். நான் மூன்று மாதம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை அப்படியே ஓட்டியிருக்கிறேன். 1440பி (2560 x 1440 பிக்சல்) திரை என்றால் பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 144 வரவே வராது. டிஸ்பிளேபோர்ட் கேபிளைப் போடுங்கள்.

* * *

நன்றி நண்பரே. என்னுடையதில் 165-ஐ முதல் நாளே தேர்ந்தெடுத்திருந்தேன், ஆகவே அந்தக் கறை பேனலுடையதுதான். ஆனால் நீங்கள் சொன்ன பிறகு அக்கா மகனின் கணினியைத் திறந்து பார்த்தேன். அவன் இத்தனை நாளும் 60-இல்தான் ஆடியிருக்கிறான். மாற்றிக் கொடுத்ததும் கேமைக்கூடத் திறக்காமல், மவுஸ் அம்புக்குறியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.