மறு: ‘கருவாற்றல்’ வேண்டாம்

தேவகோட்டை அண்ணனுக்கும் குழுவினருக்கும் வணக்கம். அண்டம் வேகம் கூடி விரிவதற்குக் காரணமாகச் சொல்லப்படும் ‘டார்க் எனர்ஜி’க்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில் அண்ணன் எழுதியது:

> டார்க் எனர்ஜிக்குக் ‘கருவாற்றல்’ போதும். கருந்துளையோடு ஒத்துப்போகும்.

ஒத்துப்போவதுதான் சிக்கல் அண்ணே. கருந்துளை ஒளியை விழுங்கும். டார்க் எனர்ஜி விழுங்குவதும் இல்லை, மறிப்பதும் இல்லை. காரைக்குடியில் என் பிளஸ் டூ பிள்ளைகளிடம் ‘கருவாற்றல்’ என்றால் நேரே அணுக்கருவுக்கு, கல்பாக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

‘மறையாற்றல்’ என்ற யோசனையும் ஆகாது. இலங்கைப் பாடநூல்களில் மறை எண் என்றால் சுழியத்துக்குக் கீழானது. இங்கே எதிர்க்குறி அழுத்தத்துக்குத்தான். ஆற்றல் அடர்த்தி நேர்க்குறியே.

பெயர் வைக்குமுன் கண்டது எது, கருதுவது எது என்று பிரித்துக்கொள்வோம். 1998இல் இரண்டு குழுக்கள் தொலைவிலுள்ள முதலாம் ‘ஏ’ வகை மீயொளிர் விண்மீன் வெடிப்புகளை (சூப்பர்நோவா) அளந்தன. எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருந்தன. ஆகவே அண்டம் வேகம் கூடி விரிகிறது என்றார்கள். ஆற்றல் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை நேராகாவிட்டால், ஆள் தெரியும்வரை தொகையை அனாமத்தில் வைப்பார்களே, அதுதான் இது. அண்டத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 68 விழுக்காடு அனாமத்து! எந்தச் செட்டியார் ஒப்புக்கொள்வார்?

அந்தப் பற்றுக்கு ஆள் தேடுவதில்தான் போட்டி. ஐன்ஸ்டைன் 1917இல் தன் ஈர்ப்புச் சமன்பாட்டில் சேர்த்த மாறிலி ஒன்று; வெளிக்கே உரிய, மாறாத ஆற்றல். காலத்தோடு மாறும் புலம் என்பது இன்னொன்று. விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளக்கும் ‘டெசி’ என்ற தொலைநோக்கிக் கருவியின் 2024, 2025 அளவீடுகள் இந்தப் பக்கம் சாய்கின்றன, ஆனாலும் உறுதியாகவில்லை. நியூசிலாந்து இயற்பியலாளர் டேவிட் வில்ட்ஷயரோ அனாமத்தே இல்லை, கூட்டல் முறைதான் பிசகு என்கிறார்: பொருள் செறிந்த இடத்தைவிட வெற்றிடங்களில் கடிகாரம் வேகமாக ஓடும், அதைச் சராசரியில் சேர்க்காததால்தான் முடுக்கம் இருப்பதாகத் தோன்றுகிறதாம்.

ஆகவே என் முன்மொழிவு: கண்டதற்கு ‘விரிவு முடுக்கம்’. காரணத்துக்கு ‘இருள் ஆற்றல்’. ‘இருண்ட’ வேண்டாம், முன்பு வெளிச்சமாக இருந்து பிறகு மங்கியது போலாகிவிடும்.

காலத்தோடு மாறும் அந்தப் புலத்தை ஆங்கிலத்தில் குயின்டெசன்ஸ் என்பார்கள்; அதற்கு ஒருவர் ‘ஐந்தாம் பூதம்’ என்றிருந்தார். கேட்க அழகு. ஆனால் நமக்கு ஐந்தாம் பூதம் வெளிதான் (ஆகாயம்). வெளியின் ஆற்றல் என்றால் அது மாறிலியைக் குறித்துவிடும், எதிர்க்கட்சிக்குப் பெயர் கொடுத்த மாதிரி. நான் ‘மாறுபுலம்’ என்கிறேன். வேறு துறையில் அதை யாரேனும் ஏற்கெனவே ஆண்டிருந்தால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.