தேன்பெட்டிப் பாகங்களின் வழக்குப் பெயர்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மாடித் தோட்டங்களில் இந்தியத் தேனீ வளர்க்கத் தொடங்குவோருக்காக ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன்; இத்தேனீயை வளர்க்கப் பயன்படும் மரப்பெட்டியான நியூட்டன் பெட்டியின் பாகங்களை எப்பெயரால் குறிப்பது என்பதில் உங்கள் உதவியை நாடுகிறேன்.

அடிப்பலகை, சட்டம், மேல்மூடி ஆகியவற்றில் சிக்கல் இல்லை. ராணி முட்டையிட்டுப் புழுக்கள் வளரும் கீழறையைப் புழு அறை என்பதா, அடை அறை என்பதா? என் விருப்பம் முன்னதே. அடை என்றால் தேனடையும் நினைவுக்கு வருவதால், புதியவர்கள் அதை மேலுள்ள தேன் அறையோடு குழப்பிக்கொள்ளக்கூடும். ராணியைத் தடுத்து, உடல் சிறுத்த வேலைக்காரத் தேனீக்களை மட்டும் மேலே செல்லவிடும் தகட்டை ராணி நீக்கி என எழுதக் காண்கிறேன். அது ராணியை நீக்குவதில்லையே, தடுக்கத்தானே செய்கிறது!

எல்லாவற்றிலும் கடினமானது, தேனீக்கள் அடை கட்டாமல் நடமாட்டத்துக்காக விட்டுவைப்பதும், 1851இல் அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் லாங்ஸ்ட்ராத் தம் பெட்டிக்கு அடிப்படையாகக் கொண்டதுமான அந்தச் சிறிய சந்து. தேனீ இடைவெளி என்பது எனக்கு ஏட்டுத் தமிழாகவே படுகிறது.

மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போரும், பெட்டி செய்யும் தச்சர்களும் இவற்றைப் பேச்சில் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதை அறிந்தவர்கள், ஊர்ப்பெயரோடு தெரிவித்தால் கையேட்டில் அவ்வாறே சேர்த்துக்கொள்வேன்.