தடைக்காலத்தில் வரும் உலகக் கோப்பை: ஊர்கூடிப் பார்க்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

கேள்வி | கரைமடி

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூரை அடுத்த மீனவ ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் பகுதியில் கால்பந்து எந்த அளவுக்கு ஊறியது என்பதை, இந்தியக் கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் இங்குள்ள இரவிபுத்தன்துறையிலிருந்து சென்றவர் என்று சொன்னாலே அறிந்துகொள்வீர்கள்.

2022 கத்தார் உலகக் கோப்பை நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடந்ததால் ஊரின் ஆண்களில் பெரும்பாலோர் அப்போது ஆழ்கடலில் இருந்தார்கள். அர்ஜென்டினா வென்ற செய்தியை என் மாமா பக்கத்துப் படகின் ஒயர்லெஸ் வழியாகத்தான் கேட்டார். 2026 போட்டியோ ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை நடக்கிறது. எங்கள் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் அனைத்தும் கரையில் இருக்கும். இப்படி ஊரே வீட்டில் இருக்கும் உலகக் கோப்பை எங்களுக்கு எல்லா முறையும் வாய்ப்பதில்லை. எங்கள் இளைஞர் மன்றம் கடற்கரை மைதானத்தில் பெரிய திரை கட்டி எல்லா ஆட்டங்களையும் காட்ட விரும்புகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிசொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 | பழைய கோலி

தம்பி, எங்கள் ஊர் மன்றத்தில் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எல்லா ஆட்டங்களையும் காட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள். இம்முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் நடப்பதால் நமக்கு இரவு 9.30 மணிக்கு மேல் தொடங்கி, விடிந்த பிறகும் ஆட்டங்கள் தொடரும். முதல் வாரம் முழுவதும் கண்விழித்தவர்கள் இரண்டாம் வாரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். புரொஜெக்டர் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஊர் விழாவாக நடத்துங்கள்.

மைதானமும் வேண்டாம். ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவமழை உங்கள் திரையைப் பாய்மரமாக்கிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே உங்கள் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தைக் கேளுங்கள். தகரக் கூரையாக இருந்தால் மழை இரைச்சலில் வர்ணனை ஒரு சொல்கூடக் கேட்காது. உங்களில் ஒருவரே ஒலிவாங்கியைப் பிடித்து நம் பேச்சுவழக்கில் வர்ணனை செய்தால், அசல் வர்ணனையைவிட அதற்குத்தான் கைதட்டல் கிடைக்கும்.

நுழைவுக்கட்டணமும் விளம்பரப் பலகையும் கூடாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வணிகத் திரையிடலாகக் கருதப்பட்டு ஃபிஃபாவின் உரிமம் தேவைப்படும். தடைக்காலத்தில் வீடுகளில் பணப்புழக்கம் இராது என்பதால், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடாமல், முடிந்தவர்கள் கட்டன்காப்பிக்கும் கப்பைக்கிழங்குக்கும் பொறுப்பேற்கட்டும்.

பதில் 2 | முல்லை நகர் வாசி

நான் வடசென்னை வியாசர்பாடியைச் சேர்ந்தவன். எங்கள் திரையிடல் ஒன்றில் நடந்த கூத்தைக் கேளுங்கள். நாங்கள் இணையவழி ஒளிபரப்பைத் திரையில் காட்டினோம். எதிரே இருந்த தேநீர்க் கடையில் கேபிள் இணைப்பு. இணைய ஒளிபரப்பு சில நொடிகள் பின்தங்கி வரும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் திரையில் பந்து நடுக்கோட்டில் உருண்டுகொண்டிருக்கும்போதே கடையிலிருந்து ‘கோல்’ என்ற கூச்சல் கேட்கும். பிறகு கோல் எப்படி விழப்போகிறது என்பதை நாங்கள் அனைவரும் பெருமூச்சுடன் பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே கூடுமானவரை கேபிள் அல்லது டிஷ் இணைப்பையே பயன்படுத்துங்கள். பார்ப்பவர்கள் கைபேசியில் ஸ்கோர் பார்க்காமல் இருப்பதும் நல்லது.

பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள் என்பது என் இன்னொரு வேண்டுகோள். பெரிய ஆட்டம் உள்ள நாளின் மாலையில் சிறுவர் சிறுமியரை ஐவர் அணிகளாகப் பிரித்து, இரவில் மோதவிருக்கும் நாடுகளின் பெயரையே சூட்டி ஆடவிடுங்கள். மாலையில் மொரோக்கோவாக ஆடிய சிறுமி, இரவில் மொரோக்கோவுக்காகத் தொண்டை கிழியக் கத்துவாள். அவளோடு அவள் அம்மாவும் வருவார். பெண்கள் வராத திரையிடலை ஊர்த் திரையிடல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பதில் 3 | கோழிக்கோட்டுத் தமிழன்

கட்அவுட் வைக்கும் திட்டம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். 2022இல் இங்குள்ள புல்லாவூரில், ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி, கரையில் நெய்மாருக்கு 40 அடி, கடைசியில் ரொனால்டோவுக்கு 50 அடி என்று போட்டி போட்டு உயர்த்தினார்கள். படம் உலகெங்கும் பரவியது. அது தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த காலம். ஜூன் மாதக் கடற்காற்றில் அத்தகைய பலகை யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கொடிகளும் சட்டைகளும் போதும்.

மறுமொழி | கரைமடி

அனைவருக்கும் நன்றி. மன்றக் கூட்டத்தில் பேசி, பங்கு மண்டபத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள் என்று முடிவு செய்துவிட்டோம். ஜூலை 20 திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவு 12.30 மணிக்குத் தொடங்கும் இறுதிப்போட்டியில் யாருக்கும் கருத்துவேறுபாடு இல்லை. சிக்கல் பிரேசில், மொரோக்கோ ஆட்டத்தில்தான். ஜூன் 14 ஞாயிறு அதிகாலை 3.30 மணிக்கு ஆட்டம், 5.30 மணிக்கு முதல் திருப்பலி. பங்குத்தந்தை மண்டபத்தைத் தர இசைந்தார், ஆனால் திருப்பலிக்கு மணி அடித்ததும் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் திரையை அணைத்துவிட வேண்டுமாம். இம்முறை ஒவ்வொரு பாதியிலும் வீரர்கள் நீர் அருந்த மூன்று நிமிட இடைவேளை உண்டு. காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், மணி அடிக்கும்போது பெரும்பாலும் கடைசி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். மணி அடிக்கும் உபதேசியார் தீவிரமான பிரேசில் ரசிகர் என்பது இப்போதைக்கு எங்களுக்குள்ள ஒரே ஆறுதல்.