செல்வி கடை வேலை (நம்ம தெரு குழு)

காலை 7:10

முருகேசன் மாமா: எல்லாருக்கும் வணக்கம். செல்வி பாத்துக்கப் போற மகளிர் குழு கடைக்கு வசூல் 58,500 ஆச்சு. ஃபால்ஸ் சீலிங் ஆள் வந்து பாத்துட்டுப் போனாரு. 14,000 சொல்றாரு. போட்டா கடை நகைக்கடை மாதிரி ஜொலிக்கும்.

கவிதா: மாமா, பத்துக்குப் பன்னெண்டு கடை. சீலிங்கைப் பாக்கப் போறது பல்லி மட்டும்தான் 😄 அந்தக் காசை வாசலுக்கும் லைட்டுக்கும் போடுவோம்.

பஷீர் பாய்: லைட்டு என் பொறுப்பு. 6500 கெல்வின், அந்த நீலம் கலந்த வெள்ளை லைட்டு போடவா? பளிச்சுனு இருக்கும்.

கவிதா: வேண்டாம் பாய். நேத்து உங்க கடையில ரெண்டு பல்புக்கு அடியிலயும் ஒரே மிளகாப்பொடியை வச்சு எடுத்தேன், பாருங்க.
📷 புகைப்படம்
📷 புகைப்படம்

ராணி: அய்யோ, முதல் படத்துல செங்கல் பொடி மாதிரி இருக்கு!

கவிதா: அதான் உங்க பளிச். ரெண்டாவது 4000 கெல்வின், சிஆர்ஐ 90. சிஆர்ஐனா நிறம் எவ்வளவு சரியா தெரியும்ங்கற அளவு. டப்பாவுல சிஆர்ஐ 80னு போட்டிருந்தா எடுக்காதீங்க, சிவப்பு சரியா எழும்பாது. நாம விக்கிறதே பொடி, வத்தல். நிறம் செத்துப்போச்சுனா யாரு கையில எடுப்பா?

பஷீர் பாய்: சரிம்மா. விலை கொஞ்சம் கூட இருக்கும், நான் பாத்துக்கறேன்.

ராணி: தண்ணி லாரி இன்னைக்கு வருமா?

முருகேசன் மாமா: ராணி, அது வேற குரூப்புமா.

காலை 9:35

கவிதா: ஆரோக்கியம் அண்ணே, வாசப்படி ஆறு இஞ்ச். ஒரு இஞ்ச் ஏத்தத்துக்கு ஒரு அடி நீளம். அதனால செல்வியோட வீல்சேர் வண்டி ஏற சாய்வுதளம் ஆறு அடி வேணும்.

ஆரோக்கியம் கொத்தனார்: நேரா விட்டா சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்கே போயிரும்மா. மூணு அடியில முடிச்சுக் குடுத்துரவா?

செல்வி: அண்ணே, மூணு அடினா வண்டி பின்னாடி சாஞ்சுரும். முந்தின கடையில அப்படித்தான் இருந்துச்சு. தினம் ரெண்டு பேரு தூக்கி உள்ள விட்டாங்க. நான் யாவாரம் பண்ண வந்தேனா, மூட்டையா?

ஆரோக்கியம் கொத்தனார்: 🙏 தப்பா நினைக்காதம்மா.

கவிதா: நேரா விட வேண்டாம் அண்ணே. கடை முகப்பு பத்தடி. முன்னாடி மூணரை அடி திண்ணை இருக்கு, அதுவும் நம்ம எல்லைக்குள்ளதான். சுவரோட ஒட்டி ஆறு அடி ஏத்தம், மிச்ச நாலு அடி சமதளம், அங்கருந்து திரும்பி உள்ள. ஷட்டரை அந்தப் பக்கம் வச்சுக்கலாம். மேல சிமெண்ட் வழுவழுனு தேய்க்காதீங்க, மழையில வழுக்கும்.

ஆரோக்கியம் கொத்தனார்: அப்ப சரியா வருது. வெள்ளி வேலை ஆரம்பிக்கலாம்.

மதியம் 1:20

முருகேசன் மாமா: கல்லா மேசைக்கு ஆசாரி என்ன உயரம்னு கேக்குறாரு. வழக்கமா 36 இஞ்சாம்.

கவிதா: 30 மாமா. கீழ முட்டி நுழைய காலியா விடச் சொல்லுங்க. ப்ளைவுட் 710 நம்பர் வேணும், அதுதான் தண்ணி தாங்கும். எம்.டி.எஃப்., அதான் மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை, சொன்னா ஒத்துக்காதீங்க, ஈரத் துணியால நாலு தடவை துடைச்சா உப்பிரும்.

ராணி: ரேக்கு?

கவிதா: புதுசு வேண்டாம். ரேஷன் கடை மாதிரி ஓட்டை போட்ட ஆங்கிள் ரேக் பழசு கிடைக்குது, பெயிண்ட் அடிச்சா போதும். நடுவுல நாலு அடி வழி விடணும், இல்லேனா செல்வி வண்டி திரும்பாது. விக்கிற சரக்கு எல்லாம் செல்வி கைக்கு எட்டற உயரத்துக்குள்ள. மேல் தட்டு இருப்புக்கு மட்டும். நேத்து செல்வியை வண்டியில உக்கார வச்சு, கை எட்டற இடத்துல சாக்பீஸால கோடு போட்டிருக்கேன். அந்தக் கோட்டை யாரும் அழிச்சுராதீங்க.

ஆரோக்கியம் கொத்தனார்: அம்மா... பெயிண்டர் காலையிலயே உள்ள பூரா ப்ரைமர் அடிச்சிட்டாரே.

கவிதா: 🤦‍♀️

செல்வி: பரவால்லக்கா. நாளைக்குக் காயட்டும், மறுபடி வந்து கையைத் தூக்கிக் காட்டறேன்.