தாது வருடப் பஞ்சம்: முதுகலை ஆய்வேட்டில் மூன்றாம் இயல் நகரவில்லை

வரலாறு முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பு 1876–78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம். சமர்ப்பிக்க இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. முதல் இரண்டு இயல் முடிந்தது. பஞ்சத்தை அனுபவித்தவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பது மூன்றாவது. அங்கேதான் நிற்கிறேன்.

கையில் இருப்பதெல்லாம் அரசாங்கத்தின் குரல். 1880 பஞ்சக் குழு அறிக்கையைப் படித்துவிட்டேன். பஞ்ச நிலையைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் 1877இல் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு கொஞ்சம் காசு என்று குறைத்ததையும், அதைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்ததையும் எழுதியாயிற்று. நிவாரண முகாம் அட்டவணைகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்தேன். ஆண், பெண், குழந்தை என்று தலைக்கணக்கு இருக்கிறது, நான் பார்த்த தாள்களில் ஒரு பெயர்கூட இல்லை. ஒரு மாலை முழுக்க அந்த எண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களை வெறும் எண்ணாகவே விட்டுவிட மனசு வரவில்லை.

மிஷனரி கடிதங்களிலும் தேடினேன். அவற்றில் பேசுவது பெரும்பாலும் பாதிரியார்தான். அப்புறம் பஞ்சக் கும்மிப் பாடல்கள் இரண்டு கிடைத்தன. ஆனால் எந்த ஊரில், எப்போது பாடியது என்ற குறிப்பு இல்லாததால் நெறியாளர் ஏற்கவில்லை. அவர் சொல்வது நியாயம்தான்.

சேலம் பகுதி மக்கள் அந்த ஆண்டுகளில் தாங்களே எழுதிய, அல்லது சொல்லி எழுதவைத்த மனுக்கள், நிலம் விற்ற பத்திரங்கள், குடும்ப ஏடுகள் போன்றவற்றை எந்த ஆவணத் தொகுப்பில், எந்தத் தலைப்பில் தேட வேண்டும்?